பருப்பைத் திரும்ப எடுத்த கை

மாப்ளே,

இன்று காலை புது வருஷத்து ஆல்பம் வந்து இறங்கியது. கட்டைப் பிரித்ததும் மையும் வார்னிஷும் கலந்த வாசனை கடை முழுக்கப் பரவிவிட்டது. கேலண்டர் படங்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்த அந்தக் கனத்த மாதிரிப் புத்தகத்தை நீ ஒருநாளும் எடுத்த உடனே புரட்டியதில்லை. முதலில் முகர்ந்துதான் பார்ப்பாய். "அடுத்த வருசம் இப்பவே மணக்குதுலே" என்பாய். அப்போது ஆடி மாதம்தான் நடந்துகொண்டிருக்கும். நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. பையன்களை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருஷம் ஆகியிருக்கும். சிவகாசியில் ஒரு கேலண்டர் கம்பெனியில், ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடிக்கிற வேலைக்கு நம் இரண்டு பேரையும் ஒரே நாளில் எடுத்தார்கள். நான் விஸ்வநத்தத்துக்காரன். அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆபீஸ் வேனில் ஏறி மருந்து அடைக்கும் வேலைக்குப் போய்வருகிறவர்கள். அந்த வேனில் ஏறாமல் வேறு வேலைக்குப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். நீ விருதுநகர். நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவுக்கு பஜாரில் பருப்புக் கடை. அதில் உட்காரப் பிடிக்காமல் வந்துவிட்டதாக முதல் நாளே என்னிடம் சொன்னாய்.

முதலாளி நம்மை ஜோடி சேர்த்துவிட்டார். கடைக்காரரிடம் பேசுவது நீ. ஆல்பத்தைத் தூக்கி வருவதும் ஆர்டர் எழுதுவதும் நான். எனக்கு அதில் குறையே இல்லை. அந்நிய ஆளைக் கண்டால் எனக்கு வாய் திறக்காது. உனக்கோ எந்த ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அந்த ஊர்ப் பேச்சு வந்துவிடும். பொள்ளாச்சியில் ஒரு ஜவுளிக்கடைக்காரர், "நீங்க எந்தூருங்க, நம்ம பக்கமாட்டத் தெரியுதுங்களே" என்று கேட்டுவிட்டு, உன்னைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று உட்கார வைத்துக்கொண்டார். வெளியே வந்ததும் நான் கேட்டேன்.

"ஏன்லே இப்படி ஏமாத்துற?"

"ஏமாத்தலலே மாப்ளே. காது வாங்குது, வாய் குடுத்துருது. நடுவுல நான் இல்ல."

ஊர் திரும்பியதும் கம்பெனியில் கேலண்டரின் தலைப்பக்கம் தகரம் அடிக்கிற பெண்கள் உன்னைச் சுற்றிக்கொள்வார்கள். "அண்ணே, இந்த வாட்டி எந்த ஊருக்குப் போனீக?" என்று ஒருத்தி கேட்டால் போதும். அந்த ஊர்க் கடைக்காரர்கள் அத்தனை பேரும் உன் வாய் வழியாக வந்து போவார்கள். சூப்பர்வைசர் விரட்ட வருவார். வந்தவர் சிரித்துக்கொண்டே நின்றுவிடுவார்.

அப்படித்தான் வடபழனிப் பக்கம் ஒரு சீரியல் கம்பெனி ஆபீசுக்குள்ளும் ஆர்டர் கேட்டு நுழைந்தோம். மேனேஜர் வேண்டாம் என்றார். நீ விடாமல், எங்கெல்லாம் யார் யார் எப்படி எப்படி வேண்டாம் என்று சொன்னார்கள் என்பதை அவரவர் பேச்சிலேயே சொல்ல ஆரம்பித்தாய். உள் அறையிலிருந்து ஒருவர் எழுந்து வந்து கதவில் சாய்ந்து கேட்டார். வாரம் ஒருநாள் வருகிற சிரிப்புத் தொடர் ஒன்றின் டைரக்டர் அவர்.

"இதுல உங்க சொந்தப் பேச்சு எது?" என்றார்.

"அது ஊருக்குப் போனாத்தான் வரும் சார்."

கேலண்டர் ஆர்டரும் கிடைத்தது, உனக்கு ஒரு வேஷமும் கிடைத்தது. கதையில் வரும் தெருமுனை மளிகைக் கடைக்காரர். மறுநாளே ஷூட்டிங்.

கோயம்பேட்டில் ஆர்டர் புத்தகத்தை என்னிடம் கொடுத்து, "நாலே நாளு. விழுப்புரம், கடலூரை மட்டும் நீ பாத்துக்க மாப்ளே" என்றாய்.

"நான் எப்படிலே பேசுவேன்?"

"ஆல்பத்தைத் திற. படம் பேசும்."

படம் பேசவில்லை. விழுப்புரத்தில் முதல் கடைக்காரர் என்னைப் பார்த்து, "என்னப்பா, வாய் பேச வராதா?" என்று நிஜமாகவே இரக்கப்பட்டுக் கேட்டார். அன்று உன்னைத் திட்டாத திட்டு இல்லை. நாலாவது கடையில் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன். நீ பேசுகிற மாதிரியே இழுத்து இழுத்துப் பேசினேன். ஆர்டர் விழுந்தது. உன்மேல் இருந்த கோபத்தில் இதை நான் உன்னிடம் சொல்லவே இல்லை.

தொடரில் நீ வருகிற வாரம் நோன்பு மாதம். உங்கள் வீட்டில் நோன்பு திறந்துவிட்டு எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். கஞ்சிக் கிண்ணம் என் மடியில். தொடர் முடியப் போகிறது, நீ வரவில்லை. கடைசியில் ஒரு கை மட்டும் வந்தது. பொட்டலத்தில் பருப்பைப் போட்டது. போனால் போகிறதென்று இன்னும் ஒரு சிட்டிகை போட்டது. கொஞ்சம் யோசித்து, அந்தச் சிட்டிகையைத் திரும்ப எடுத்துக்கொண்டது. அவ்வளவுதான்.

உன் தங்கச்சி, "காக்கா எங்க?" என்று அண்ணனைத் திரையில் தேடினாள். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய். உன் அத்தா மட்டும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "அது அவன் கை இல்ல. என் கை."

பிறகுதான் என்னிடம் சொன்னாய். கேமரா முன்னால் நிறுத்தி, எழுதிக் கொடுத்த வசனத்தைச் சொல்லச் சொன்னார்களாம். வாய் உலர்ந்துவிட்டதாம். எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டு, கையை மட்டும் வைத்துக்கொண்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம்.

நோன்பு மாதம் முடிவதற்குள்ளேயே, சொல்லாமல் ஷூட்டிங் போனதை மன்னித்து முதலாளி உன்னைத் திரும்பச் சேர்த்துக்கொண்டார். ஆனால் நீ பழைய ஆளாக இல்லை. காரைக்குடியிலும் பேசவில்லை, தஞ்சாவூரிலும் பேசவில்லை. நான் பேசினேன், நீ ஆர்டர் எழுதினாய். ராத்திரிச் சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால்கூடத் தலையைத்தான் ஆட்டினாய். எனக்குப் பயமாகிவிட்டது.

கும்பகோணத்தில் ஒரு பாத்திரக்கடைக்காரர் உன்னைக் காட்டி, "போன வருஷம் வந்து பேசியே கொன்னாரே, அவருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார். நீ தடுப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். டிவியில் நடிக்கப் போனதையும், கை மட்டும் வந்ததையும். அவர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"பருப்பைப் போட்டுட்டுத் திரும்ப எடுத்துதே, அந்தக் கையா? எங்க வீட்ல இன்னைக்கு வரைக்கும் அதைச் சொல்லிச் சிரிச்சுண்டிருக்கோம்."

உள்ளே திரும்பி மனைவியையும் கூப்பிட்டார். அந்த அம்மா வந்து உன் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவே இல்லை.

நீ கடையை விட்டு இறங்கி எதிரே இருந்த போன் பூத்துக்குள் போனாய். கதவு சரியாக மூடாததால் நீ டைரக்டரிடம் பேசியது எனக்குக் கேட்டது. "சார், எனக்கு வசனம் வேண்டாம். கடையை மட்டும் குடுங்க. கையை வச்சுச் சமாளிச்சுக்கிறேன்." எதிர்ப்பக்கம் என்ன சொன்னார்களோ, வெளியே வரும்போது, "மாப்ளே, பசிக்குது. மணி என்னலே?" என்றாய். நோன்பு திறக்க இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. இந்த வாட்டி நானே உன்னை மெட்ராஸ் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.

மூன்று வருஷம் ஓடியது அந்தத் தொடர். பத்து ஊர்ப் பேச்சு பேசத் தெரிந்தவன், பேசாத மளிகைக் கடைக்காரராகப் பேர் வாங்கினாய். உன் அத்தா ஒருதரம் ஷூட்டிங் பார்க்க வந்து, நடுவில் எழுந்துபோய், "பொட்டலத்தை இப்படியா மடிப்பாக?" என்று உனக்கு மடித்துக் காட்டியதை யூனிட்டே கைதட்டிப் பார்த்ததாம். ஊருக்கு வந்தால் பட்டாசு ஆபீஸ் வேன்கள் உன்னைக் கண்டு நின்றுவிடும். ஜன்னல் வழியாகப் பெண்கள் கையை நீட்டி, "அண்ணே, ஒரு சிட்டிகை போட்டுட்டு எடுங்க" என்பார்கள். ஒரு கை விடாமல் போட்டு எடுப்பாய். என் அம்மாவும் ஒருநாள் நீட்டியிருக்கிறாள்.

உன்னை அடக்கம் செய்த அன்று அந்த டைரக்டர் விருதுநகர் வந்திருந்தார். பள்ளிவாசலுக்கு வெளியே என் பக்கத்தில் நின்று, "அவரோட சொந்தப் பேச்சு எதுன்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியல" என்றார். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னேன்.

இப்போது எனக்குச் சொந்தமாகச் சின்ன ஏஜென்சி இருக்கிறது. பெரிய பேச்சுக்காரன் என்று பேர். ஆனால் உன்னிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது பேச்சை அல்ல. அந்தக் கும்பகோணத்துக்குப் பிறகு நான் யாருடைய கையையும் பார்க்காமல் விடுவதில்லை.

போன வாரம் காரியாபட்டியில் ஒரு உரக்கடை. கடைக்காரர், "இந்த வருசம் கேலண்டரே வேண்டாம்யா, செல்போன்லயே தேதி பாத்துக்கிறாங்க" என்று ஒரே பிடியாக இருந்தார். என்னோடு வந்தவன் ஆல்பத்தை மூடப் போனான். நான் அவனைத் தடுத்தேன். கடைக்காரரின் விரல், தாண்டிப்போன ஒரு பக்கத்துக்கு மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் வாய் வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் பேனா மூடியைக் கழற்றினேன்.