டிஸ்க்கின் மேல் போட்ட பழி

ஞாயிறு இரவு

அவர் ஆசைப்பட்டு வரவழைத்த கௌபாய் படத்தின் ப்ளூரே டிஸ்க் நேற்று கூரியரில் வந்தது. லாரியை விட்டு இறங்கி வீட்டுக்கு வந்தால் அவருக்கு இந்தப் படங்கள்தான் ஓய்வு. பழைய டிஸ்க்கைவிடத் தெளிவாக இருக்கிறதா என்று காட்சி காட்சியாக நிறுத்திப் பார்ப்பார். இன்று மத்தியானம் படம் தொடங்கியதுமே முகம் சுளித்தார்.

"ஏம்புள்ள, படம் பூராவும் பொகையடிச்ச மாதிரி இருக்குது? நல்லா ஏமாத்திப் போட்டாங்க."

எனக்குக் குதிரையின் பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. இருந்தாலும் டிவியைத் துடைத்தேன். அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு மறு கண்ணை. 

"உனக்கும் அப்பிடித்தான தெரியுது?" குரல் இறங்கியிருந்தது.

"ஆமாங்க. டிஸ்க்குதான் சரியில்லீங்க."

அந்த முகத்தைப் பார்த்து வேறு எதுவும் சொல்ல வரவில்லை. அவருக்குச் சர்க்கரை நோய் என்று தெரிந்தபோதே, அது கண்ணைப் பாதிக்கும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். விடிந்தால் நாமக்கல்லில் முட்டை லோடு ஏற்றிக்கொண்டு கிளம்புகிறேன் என்கிறார். லாரிச் சாவியை எடுத்து என் சேலைகளுக்கு அடியில் வைத்துவிட்டேன். காலையில் தேடுவார். அப்போது உண்மையைச் சொல்லிவிடுவேன்.

அழாமல் சொல்ல வேண்டும்.