அம்மா ரயில் ஓட்டுகிறாள்

அன்புள்ள கண்ணுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு, காய்ச்சல் தலைவலி எதுவும் அண்டாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் சுகம். என் முழங்கால் மட்டும் படிக்கட்டைக் கண்டால் முரண்டு பிடிக்கிறது, அதற்கு மருந்து வாங்கியாகிவிட்டது, அதைப் பற்றி நீ போனில் பாடம் நடத்த வேண்டாம். தினமும் போனில் பேசிக்கொள்கிறோமே, அப்பா எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனை எடுப்பது உன் அம்மா. எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்பதைத் தவிர அவள் உன்னிடம் வேறு எதுவும் சொல்லமாட்டாள், நானும் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டத்தான் முடியும். நடந்ததை நீ முழுசாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்குப் பட்டது. பயப்படாதே, நல்லபடியாகத்தான் முடிந்திருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் பஸ்களை விற்றுவிட்டு, ஓட்டுகிற வேலையை வெளியாளுக்குக் கொடுத்தபோது உன் அம்மா சும்மா வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். அத்தனை வருஷம் பஸ் ஓட்டிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவளுக்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. என் தையல் கடையில் வந்து உட்கார்ந்துகொண்டு, தெருவில் யார் யார் எப்படி வண்டி ஓட்டுகிறார்கள் என்று குறை சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் சட்டை தைக்க வந்த ஒருவர், சுரங்க ரயிலுக்கு ஓட்டுநர் எடுக்கிறார்கள், பெரிய வண்டி ஓட்டியிருந்தால் வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னார். அளவெடுக்கப் பிடித்த அவர் கையை நான் இன்னும் விடவில்லை, அதற்குள் இவள், "எங்க போய் எழுதிக் குடுக்கணும்?" என்று கேட்டுவிட்டாள். உன்னிடம் சொன்னபோது நீ, "இந்த வயசுல எதுக்கும்மா இதெல்லாம், பேசாம இங்க வந்து எங்களோட இரு" என்றாய். சரி பார்க்கலாம் என்று உன்னிடம் சிரித்துவிட்டு, போனை வைத்ததும் என்னிடம், "வந்து இருக்கறதுக்கு நான் என்ன சூட்கேஸா?" என்றாள். கோபத்தில் சொல்லவில்லை. நீ ஆசையாகக் கூப்பிட்டாய் என்று அவளுக்கும் தெரியும்.

எழுத்துப் பரீட்சை வைத்தார்கள், கண்ணைச் சோதித்தார்கள், விளக்கு எரிந்தவுடன் பொத்தானை அழுத்தச் சொல்லி கைவேகம் பார்த்தார்கள். நேர்காணலில் ஒரு பெரிய அதிகாரி, வண்டி நடுவழியில் நின்று ஜனங்கள் கூச்சல் போட்டால் என்னம்மா செய்வீர்கள் என்று கேட்டிருக்கிறார். "பஸ் நிறையப் பிள்ளைங்க என் முதுகுக்குப் பின்னாலயே கத்துவாங்க சார். இங்க நடுவுல ஒரு கதவு வேற இருக்கே" என்று இவள் சொல்ல, அவர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தாராம். வேலை கிடைத்துவிட்டது. அவர்கள் கொடுத்த யூனிஃபார்ம் ஆண்பிள்ளைக்குத் தைத்ததுபோல் தொளதொளவென்று இருந்தது. இடுப்பைப் பிடித்து, கால் நீளத்தைக் குறைத்து, தோளை இறக்கிக் கொடுத்தேன். கண்ணாடி முன்னால் போட்டுப் பார்த்துவிட்டு என் கன்னத்தை ஒரு கிள்ளு கிள்ளினாள். இதை உனக்கு எழுதலாமா என்று யோசித்தேன், எழுதிவிட்டேன்.

பயிற்சியில் அவளுக்கு வாய்த்த ஆசிரியர் உன்னைவிடச் சின்னவர். வாயைத் திறந்தால் பிரேக் பற்றியே பேசுவதால் அவருக்கு 'பிரேக்கு சார்' என்றே பேர். முதலில் பெரிய திரைக்கு முன்னால் உட்கார வைத்து, நிஜம்போலவே ஓடுகிற பொய் ரயிலை ஓட்டப் பழக்கினார்கள். ரயிலுக்கு ஸ்டீரிங் கிடையாது அல்லவா, இவள் கை அதைத் தேடித் தேடி அலைந்திருக்கிறது. ஒரே ஒரு கைப்பிடி, அதை அழுத்திப் பிடித்தபடியே இருக்க வேண்டும், பிடி விட்டால் வண்டி தானாகவே நின்றுவிடும். பிளாட்பாரத்தில் குறி போட்ட இடத்தில் வண்டியின் மூக்கு சரியாக நிற்க வேண்டும். இவள் ஒருநாள் தாண்டிப்போய் நிறுத்துவாள், ஒருநாள் எட்டாமல் நிறுத்துவாள், வீட்டுக்கு வந்து என்னோடு பேசமாட்டாள். சிக்னலைப் பார்த்தால் விரலை நீட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது அங்கே சட்டம். அது வீட்டுக்கும் வந்துவிட்டது. அடுப்பைப் பார்த்து விரல் நீட்டி "அணைஞ்சாச்சு" என்பாள், வாசலைப் பார்த்து "பூட்டியாச்சு" என்பாள், என்னைப் பார்த்து "இன்னும் குளிக்கல" என்பாள்.

இனி அவள் உன்னிடம் சொல்லாததைச் சொல்கிறேன். நிஜ வண்டியில், பிரேக்கு சார் பக்கத்தில் நிற்க, ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓட்டத் தொடங்கியபின் நடந்தது இது. ஒரு ஸ்டேஷனுக்குள் வண்டி நுழையும்போது, பிளாட்பாரத்திலிருந்த ஒரு ஆள், கீழே விழுந்த போனை எடுக்கத் தண்டவாளத்தில் இறங்கிவிட்டான். இவள் அவசர பிரேக்கைப் போட்டுவிட்டாள். இரும்பு கிறீச்சிட்டு, உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து, வண்டி அவனுக்கு ஒரு கை தூரத்தில் வந்து நின்றது. மேலே இருந்தவர்கள் அவனை இழுத்துத் தூக்கினார்கள். அவன் போனைத் துடைத்துக்கொண்டு, வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறிப் போய்விட்டான். ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. உன் அம்மாவின் கைதான் பிடியை விட்டு வரவில்லை, பிரேக்கு சார்தான் ஒவ்வொரு விரலாகப் பிரித்து எடுத்திருக்கிறார்.

இப்படி நடந்தால் சில நாள் லீவு கொடுத்து, பேசுவதற்கு ஒரு டாக்டரிடமும் அனுப்புவது அவர்கள் வழக்கம். இவள் டாக்டரிடம் போனாள், வந்தாள், லீவு முடிந்தும் வேலைக்குக் கிளம்பவில்லை. யூனிஃபார்மை மடித்து அலமாரியின் அடித்தட்டில் வைத்துவிட்டு, "நான் கடையில உங்களுக்கு பட்டன் வெச்சுத் தரேன், இனி இதுதான் எனக்கு வேலை" என்றாள். உன்னிடம் அன்றைக்கும் போனில், ரயில் ஜோராக ஓடுகிறது என்றுதான் சொன்னாள். உள்ளதைச் சொல்கிறேன் கண்ணு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்தது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவள் தரைக்கு அடியில் இருந்த நாள் எல்லாம் நான் கடிகாரத்தைப் பார்த்தபடிதான் தைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தெருவில் ஒரு லாரி பிரேக் போட்டால்கூட அவள் ஊசியைக் கீழே போடுவாள். யாரைப் பற்றியும் குறை சொல்வதையும் நிறுத்திவிட்டாள். தெருவில் எவன் எப்படி ஓட்டினாலும் தலை நிமிரவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இரு என்று சொல்லவும் மனசு வரவில்லை. பிரேக்கு சார் கடைக்கே ஒருநாள் வந்தார். என்னிடம், "அவங்க வரலைன்னா நான் ஒண்ணும் சொல்லமாட்டேன் சார். ஆனா அவ்வளவு சீக்கிரம் பிரேக்குக்கு எனக்கே கை போயிருக்காது, அத மட்டும் சொல்லிடுங்க" என்று சொல்லிவிட்டு, வந்ததற்கு ஒரு பேன்ட்டை இடுப்பு பிடிக்கக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் சொன்னேன். மறுநாள் சாப்பிட்டுக் கை கழுவியதும், "அந்த ஸ்டேஷனுக்கு என்கூட வரீங்களா?" என்றாள். கடையை மூடிவிட்டுப் போனோம். பிளாட்பாரத்து பெஞ்சில் உட்கார்ந்தோம். வண்டிகள் வந்து வந்து போயின. உன் அம்மா வண்டியைப் பார்க்கவில்லை, ஓரத்தில் நிற்கிற ஆட்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அவன் குனியறதுக்கு முன்னாலயே எனக்கு என்னமோ பட்டுச்சுங்க. பஸ் ஓட்டும்போது ரோட்டோரமா பந்து வெச்சுக்கிட்டு ஒரு பிள்ளை நின்னா படுமே, அது மாதிரி" என்றாள். அப்புறம், "இந்நேரம் எங்கயாவது டீ குடிச்சிட்டு இருப்பான், இல்ல?" என்றாள். "நீ நிறுத்தினதாலதானே குடிக்கிறான்" என்றேன். அதற்குத்தான் அழுதாள், அத்தனை நாளும் அழாதவள், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, ஜனங்கள் சுற்றிக்கொண்டு போக, நன்றாக அழுதாள். யாரோ ஒரு பெண் தண்ணீர் பாட்டிலை எங்கள் பக்கத்தில் வைத்துவிட்டுத் தன் வண்டியில் ஏறிப் போனாள். வீடு திரும்பும் வழியில், ஒரு ஆட்டோக்காரர் கைகாட்டாமல் திரும்பியதற்கு உன் அம்மா அவரைத் திட்டினாள். எனக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் பயிற்சிக்குத் திரும்பிப் போனாள். விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து ஓட்டினாள். கடைசிச் சோதனையில், வழிநெடுக ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குறி பார்த்து நிறுத்தினாள் என்று பிரேக்கு சாரே போன் செய்து சொன்னார். தேறிவிட்டாள் கண்ணு. போன திங்கட்கிழமை தனியாக முதல் வண்டி எடுத்தாள். "நீங்க வந்து நின்னா எனக்குக் கை ஓடாது, வரவே கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். நான் போகாமல் இருப்பேனா. அவள் முன்னால் இருக்கிறாள், நாம் கடைசிப் பெட்டியில் ஏறி மூலையில் உட்கார்ந்துகொண்டால் எப்படித் தெரியும் என்று ஏறிவிட்டேன். ஒரு குலுங்கல் இல்லை, ஒரு உதறல் இல்லை. எதிரே ஒரு கிழவர் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார், ஒரு பெண் ஓடுகிற வண்டியில் கண்ணுக்கு மை தீட்டினாள், அதுவும் கோணாமல். இதை ஓட்டுவது என் பொண்டாட்டி என்று எழுந்து நின்று சொல்ல வேண்டும்போல இருந்தது, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் இறங்கியபின்னும், இப்படியே திரும்பிப் போகலாம் என்று இருந்துவிட்டேன். கடைசி ஸ்டேஷனில் வண்டி திரும்பாது, ஓட்டுகிறவர்தான் அந்த முனையிலிருந்து இந்த முனைக்கு நடந்து வந்து ஏறுவார் என்று எனக்கு யார் சொன்னார்கள்? நான் இருந்த பெட்டிதான் இப்போது முதல் பெட்டி. பிளாட்பாரம் நெடுகப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நான் தைத்த யூனிஃபார்மில் அவள் நடந்து வந்தாள். என் ஜன்னலுக்கு நேரே வந்ததும் நின்றாள். நான் குனிந்து செருப்பைத் தேடுவதுபோல் செய்தேன். கதவுக்குள் தலையை நீட்டி, "டிக்கெட் எடுத்தீங்களா?" என்றாள். எடுத்தேன் என்றேன். "அப்ப நல்லா சாஞ்சு உக்காருங்க, வண்டி எடுக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இந்த வாரம் அவளுக்குக் காலை ஷிப்ட், மத்தியானத்துக்குமேல் கூப்பிடு. உடம்பைப் பார்த்துக்கொள் என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதே, வண்டியைப் பற்றிக் கேள். எங்கே நிறுத்தினாய், எப்படி நிறுத்தினாய் என்று கேள், போன் சூடாகிற வரைக்கும் பேசுவாள். நான் எழுதியது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே, அவளே ஒருநாள் சொல்வாள், அன்றைக்குப் புதிதாகக் கேட்பதுபோல் கேட்டுக்கொள். மாப்பிள்ளையை நான் விசாரித்ததாகச் சொல், குளிருக்கு அவர் காதை மூடிக்கொள்ளட்டும். நீங்கள் இருவரும் எடுத்த காரியம் கைகூடி, மனசு நிறைந்து, ஒருவருக்கொருவர் துணையாய் நெடுங்காலம் இருக்க வேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்,
அப்பா