பட்டியலில் விட்டுப்போன பெயர்

செப்டம்பர் 11, 2003. வியாழன்

காலையில் இரண்டு மணி நேரம் மின்சாரம் இல்லை. வந்ததும் தடுப்பூசிப் பட்டியல் புரோகிராமின் மூன்றாம் பதிப்பை முடித்தேன்.

வாலாஜாபாத் மருத்துவமனையின் பழைய கணினி போன மாதம் படுத்துவிட்டது. புதியது வாங்கியிருக்கிறார்கள். போன தடவை நானே இரண்டு நாள் அங்கே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு ஃபைலாகக் கையால் நகல் செய்துவிட்டு வந்தேன். இப்போது முழங்கால் பேருந்துப் படிக்கு ஒத்துழைப்பதில்லை. அதனால் செட்அப் ஸ்கிரிப்ட் எழுதினேன். புரோகிராமின் எந்தெந்தத் துண்டு, அதாவது மாட்யூல், போக வேண்டும் என்று அதில் பெயர் எழுதிவிட்டால், ஒரு கட்டளையில் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டித் தருகிறது. போய்ச் சேரும் இடத்தில் இன்னொரு கட்டளை. எல்லாம் உரிய இடத்தில் உட்கார்ந்துவிடும். நான் எழுதும் பைத்தான் மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஒழுங்கு.

புள்ளியியல் துறையில் முப்பத்தொரு வருடம் அட்டையில் துளை போட்டு எண்ணியவள் நான். இதெல்லாம் எனக்குப் புதிதல்ல, வேகம்தான் புதிது.

கூடவே ஆறு வரியில் ஒரு செய்முறைத் தாள். அதைப் படித்து யாரும் தவறு செய்ய முடியாது.

செப்டம்பர் 12

ஃப்ளாப்பியும் தாளும் முதல் பேருந்தில் போயின. கண்டக்டரிடம் இரண்டு முறை சொன்னேன், வெயிலில் வைக்காதே என்று.

செப்டம்பர் 16. செவ்வாய்

மருத்துவமனையிலிருந்து தேவகி பேசினாள். முன்பு அங்கே வார்டில் வேலை செய்தவள், நாற்பதை நெருங்கிய பிறகு டைப்பிங் கற்றுக்கொண்டு கணினியில் உட்கார்ந்திருக்கிறாள். தற்காலிக வேலை.

“மேடம், நீங்க அனுப்சத போட்டுக்கினே கீறேன், வர்ல.”

“தாளில் இருக்கிற வரிசைப்படி செய்தாயா?”

“நாலு தபா செஞ்சேன் மேடம். எல்லாம் ஏறுது. ஓட்டுனாக்கா, நாள்கணக்குன்னு இன்னாவோ இல்லேன்னு சொல்து.”

நாள்கணக்கு மாட்யூல் நான் எழுதியது. குழந்தை பிறந்த தேதியை வைத்து அடுத்த ஊசி எந்தப் புதன்கிழமை என்று சொல்வது. எப்படி இல்லாமல் போகும்? என் கணினியில் இதே மூட்டையைப் பிரித்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தானே அனுப்பினேன்.

“நீ ஃப்ளாப்பியிலிருந்து சரியாக நகல் செய்யவில்லை. மறுபடி முதலிலிருந்து செய்” என்றேன்.

“செரி மேடம்.”

செப்டம்பர் 17. புதன்

பட்டியல் அச்சாகவில்லை. நர்ஸுகள் பழைய நோட்டை வைத்துக்கொண்டு கிராமங்களுக்குப் போயிருக்கிறார்கள். பதினான்கு குழந்தைகள் விட்டுப்போயினவாம். அடுத்த வாரம் போட்டால் பாதகமில்லை. ஆனாலும் பதினான்கு.

மருத்துவமனையை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர் ஜானகிராமன் மதியம் பேசினார். “மேடம், புரோகிராம்ல கோளாறா, ஆள்ல கோளாறா? எனக்கு ஒண்ணு தெரிஞ்சாகணும். முப்பதாம் தேதி கமிட்டி. அந்தம்மா போஸ்டிங்க நீட்டிக்கிறதா வேணாமான்னு அன்னிக்கு முடிவு பண்றோம்.”

“புரோகிராமில் கோளாறு இல்லை.”

“அப்ப அத எழுத்துல குடுத்துடுங்க.”

எழுதினேன். ஆங்கிலத்தில், ஒரு பக்கம், ஒரு அடித்தல் இல்லாமல். ஆபரேட்டர் எழுதிக் கொடுத்த செய்முறையைப் பின்பற்றுவதில்லை என்று. நல்ல கடிதம்.

செப்டம்பர் 19

தபாலில் தேவகியின் தாள். திரையில் வந்த செய்தியை ஆங்கிலத்தில் எழுத்து எழுத்தாகப் பார்த்து எழுதியிருக்கிறாள். ஏழு பிழைகள். சிவப்புப் பென்சிலால் திருத்தி, திருப்பி அனுப்பினேன். இவ்வளவு கவனக்குறைவாக எழுதுகிறவள் கட்டளையை மட்டும் சரியாக அடித்திருப்பாளா?

செப்டம்பர் 20

வீட்டு வேலைக்கு வரும் அம்முலு தோசைமாவில் உப்புப் போட மறந்துவிட்டாள். கேட்டதற்கு, “நீங்க இன்னிக்கு எல்லார் மேலயும் பாயுறீங்கம்மா, உப்பு பயந்துகினு போயிடுச்சி” என்கிறாள்.

செப்டம்பர் 22. திங்கள்

வேறொரு கணினியில் ஓட்டிக் காட்டிவிட்டால் பேச்சு முடிந்துவிடும் என்று, ஃப்ளாப்பியின் பிரதியையும் பைத்தான் சிடியையும் எடுத்துக்கொண்டு பேருந்து நிலையத்தருகே மணியின் பிரவுசிங் சென்டருக்குப் போனேன்.

“இன்னா ஆயா, ஃபாரின்ல கீற புள்ளைக்கு மெயிலா?”

“எனக்குப் பிள்ளை இல்லை. சி டிரைவில் இடம் இருக்கிற கணினி எது?”

மூலையில் இருந்ததைக் காட்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டான்.

என் தாளை முன்னால் வைத்து ஆறு வரியையும் செய்தேன். எல்லாம் ஏறியது. ஓட்டினேன்.

நாள்கணக்கு என்ற மாட்யூல் இல்லை.

நான்கு முறை செய்தேன். நான்கு முறை — அவளும் அதைத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வந்து செட்அப் ஸ்கிரிப்டைத் திறந்தேன். பெயர்கள் மூன்று இருக்கின்றன. நாள்கணக்கு இல்லை. முன்பு அது பெரிய ஃபைலுக்குள்ளேயே இருந்தது. ஆகஸ்டில்தான் நான் பிரித்துத் தனியாக வைத்தேன். பட்டியலில் சேர்க்கவில்லை. மூட்டையில் அது போகவே இல்லை. என் கணினியில் ஓடியது எதனால்? நான் எப்போதும் என் பழைய ஃபோல்டருக்குள் நின்றுகொண்டே ஓட்டுகிறேன். அங்கே அது பக்கத்திலேயே கிடக்கிறது. எடுத்துக்கொண்டது.

அவள் அனுப்பிய தாளின் கடைசி வரியில் நாள்கணக்கு இல்லை என்பதுதான் இருந்தது. அந்த வரியில் ஒரு எழுத்து குறைகிறது என்று சேர்த்தேனே. எழுத்தைப் பார்த்தேன். வரியைப் படிக்கவில்லை.

கான்வென்ட் விடுதியில் டிரங்குப் பெட்டி மூடியின் உள்பக்கம் பட்டியல் ஒட்ட வேண்டும். விடுமுறை முடிந்து வரும் நாளில் சிஸ்டர் பெனடிக்டா வாசலிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்வார். ஒரு வருடம் நான் பட்டியலில் கம்பளி எழுதவில்லை, அதனால் எடுத்து வைக்கவும் இல்லை. அம்மா வைக்கவில்லை என்று சொல்லிவிட்டேன். “பெட்டியைக் கட்டியது யார்?” என்று மட்டும் கேட்டார்.

செப்டம்பர் 23. செவ்வாய்

ஒரே ஒரு பெயர். சேர்த்தேன். முதல் பேருந்தில் அனுப்பினேன். மதியம் தேவகி பேசினாள்.

“வந்துட்ச்சி மேடம்! நாளைக்கு லிஸ்டு அச்சு எடுத்துட்டேன். போன வாரம் வுட்ட பதினாலும் இதுல கீது.”

“நல்லது.”

“எம்மேலதான் தப்பு போல கீது. எங்கியோ காபி பண்றதுல வுட்டுட்டேன். மன்னிச்சுக்கங்க மேடம்.”

“பரவாயில்லை” என்றேன்.

செப்டம்பர் 24

பரவாயில்லை என்றேன். நான் அவளை மன்னித்திருக்கிறேன்!

செப்டம்பர் 27. சனி

ஜானகிராமன் பேசினார். “இப்ப ஓடுதே மேடம். நீங்க சொன்னது கரெக்டு, ஆளுதான் சரியில்ல. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடிச்ச பையன் ஒருத்தன் ராஜகுளத்துல இருக்கான். உங்க லெட்டர் ஃபைல்ல இருக்கு, அது போதும் கமிட்டிக்கு.”

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பட்டியல் சரியாக வருகிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஏன்? யாருக்கும் தெரியாது என்பதாலா? என் கணினியைத் திறந்து பார்த்து இரண்டு ஃப்ளாப்பியையும் ஒப்பிடத் தெரிந்தவர் இந்த வட்டாரத்தில் ஒருவரும் இல்லை. சரி, அதனால்?

தேவகியின் வீட்டில் தறி நின்று ஒரு வருடமாகிறது. இந்தச் சம்பளம்தான். அம்முலு சொல்லித்தான் தெரியும். நானாகக் கேட்டதில்லை.

செப்டம்பர் 30. செவ்வாய்

போய்விட்டு வந்தேன். பேருந்துப் படியில் முழங்காலை இடித்துக்கொண்டேன்.

கமிட்டியில் ஐந்து பேர். இரண்டாவது கடிதத்தை நானே படித்தேன். தமிழில் எழுதியிருந்தேன், வெளியே நிற்பவளுக்கும் கேட்கட்டும் என்று. மாட்யூலின் பெயரைப் பட்டியலில் விட்டது நான், தேவகி முதல் நாளே சரியாகச் சொன்னாள், நான் கேட்கவில்லை, முதல் கடிதம் தவறு. நான்கே வாக்கியம்.

ஜானகிராமன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். “இத போன்லயே சொல்லியிருக்கலாமே மேடம். இவ்ளோ தூரம் வெயில்ல...”

“முதல் கடிதத்தைத் திருப்பிக் கொடுங்கள்.”

“ஃபைல்ல நம்பர் போட்டாச்சே.”

“அப்படியானால் இதை அதற்கு மேலே வையுங்கள். இதற்கும் நம்பர் போடுங்கள்.”

நான் பார்க்கும்போதே போட்டார்கள். தேவகிக்கு ஒரு வருடம் நீட்டித்தார்கள்.

வெளியே அவள் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்து நின்றாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

“அப்போ அன்னிக்கி பரவால்லன்னீங்களே மேடம்?”

“ஆமாம்.”

“அன்னிக்கே ஒங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

தலையை ஆட்டினாள். டீயைக் கையில் கொடுத்தாள். சர்க்கரை இல்லை. எனக்குச் சர்க்கரை ஆகாது என்று எப்படித் தெரியும்? நான்தான் ஒருநாள் போனில் சொல்லியிருப்பேன். அவள் கேட்டிருக்கிறாள்.

அக்டோபர் 4

ஆயுத பூஜை. கணினிக்குச் சந்தனம் வைக்கிறேன் என்று அம்முலு ஃப்ளாப்பி போடும் வாயில் வைத்துவிட்டாள். ஒரு மணி நேரம் துடைத்தேன்.

அக்டோபர் 16

தேவகி பேசவே இல்லை. புதன்கிழமைப் பட்டியல் மட்டும் தவறாமல் அச்சாகிறது என்று ஜானகிராமன் சொல்கிறார்.

நவம்பர் 6. வியாழன்

நான்காம் பதிப்பு. இந்த முறை என் கணினியில் ஓடியதை நான் கணக்கில் எடுக்கவில்லை. மருத்துவமனையின் இரண்டாம் அறையில் ஒன்றும் ஏற்றாத கணினி ஒன்று வந்திருக்கிறதாம். அதில் முதலில் போட்டுப் பார்த்து, வந்ததை வந்தபடி எழுது என்று தேவகிக்கு அனுப்பினேன். இப்போது ஏழு வரியுள்ள செய்முறைத் தாளும் கூட.

நவம்பர் 10. திங்கள்

என் தாள் திரும்பி வந்துவிட்டது. சிவப்புப் பென்சில்.

மூன்றாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் நடுவே ஒரு அம்புக்குறி. ஓரத்தில்: “ஃப்ளாப்பிலேந்து சி டிரைவுக்கு மாறணும்னு எழுதல. வூட்ல ஒக்காந்துகினு எழுதுனா தெரியாது மேடம். மத்தபடி ஓடுது.”

மணியின் சென்டருக்குப் போய்ச் செய்து பார்த்தேன். அவள் சொன்னது சரி.

வரியைச் சேர்த்தேன். இப்போது எட்டு. மறுபடி அவளுக்கே அனுப்புகிறேன்.