முனுசாமி வண்டியிலிருந்து விழுந்த எஞ்சின்

1956 ஐப்பசி, வெள்ளிக்கிழமை. பொன்னேரி.

இப்படித்தான் ஆகும் என்று எனக்கு முந்தாநாளே தெரியும். அக்கா வீட்டுக்காரரின் புது அரிசி மில்லுக்கு எண்ணெய் எஞ்சின் வந்து இறங்கியது. பெட்டி பத்து யானை கனம். வண்டிக்காரன் முனுசாமி மாட்டை அவிழ்த்துவிட்டு வண்டியைப் பின்பக்கமாகச் சாய்த்தான். பெட்டி சரிவில் பின்னால் வழுக்க, வண்டி முன்னால் ஓடிவிட்டது. பெட்டி சாய்வாக வராமல் ஏறக்குறைய நேராகக் கீழே விழுந்து, எஞ்சினின் அடிப்பாகம் விரிசல் விட்டுப்போனது. மேலே இருப்பது பின்னே போனால் அடியில் இருப்பது முன்னே போகும், சயின்ஸே அவ்வளவுதான். மூன்றாவது பாரத்தோடு படிப்பு நின்றிராவிட்டால் நான் இன்றைக்கு இஞ்சினியர்.

"சக்கரத்துக்கு ஏன்டா கட்டை வெக்கல?" என்று மாமா கத்தினார்.

"யாரும் சொல்லலியே மொதலாளி" என்றான் முனுசாமி.

"நான் மூணு தபா சொன்னேன் மாமா. இவன் பீடி வலிச்சிக்கினு இருந்தான்" என்றேன். கூட்டமே என்னை மரியாதையாகப் பார்த்தது.

இனி மில் பக்கமே வராதே என்று மாமா அவனைத் துரத்திவிட்டார். அவன் மாட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டான்.

பீடி வலித்தது நிஜம். கட்டை வைக்கச் சொல்லி நான் வாயே திறக்கவில்லை. வண்டி ஓடிய பிறகுதான் எனக்கே அது தோன்றியது.