வெங்காயத்தோல் நத்தை

மார்ச் 3

வாயாடிக்கு,

அப்பா எழுதுவது. நானேதான், இதுவரை எனக்காக எழுதிய பட்டறைக் கிளார்க் இல்லை. ஒரு வரி முடிவதற்குள் ஒரு டீ ஆறிவிடுகிறது. முதியோர் கல்வி வகுப்பு டீச்சர் என் எழுத்தைப் பார்த்து, "இது என்னய்யா, நண்டு நடந்த தடமா?" என்கிறார்.

கடல் வற்றி உள்வாங்கியபோது மணலில் ஒரு நத்தை கிடைத்தது. வெங்காயத்தோல் மாதிரி கூடு, சுற்றிலும் மெல்லிய பழுப்புக் கோடுகள். சிப்பிப் பட்டறையில் நாற்பது வருடம் செய்த மாதிரியே வெந்நீரில் போட்டு, சதையை எடுத்துவிட்டுச் சுத்தமாக அனுப்பியிருக்கிறேன். மியூசியத்தில் இருக்கிறாயே, பெயர் சொல்.

மருமகனைக் கேட்டதாகச் சொல்.

அப்பா

மார்ச் 17

அன்புள்ள அப்பா,

இங்கே இருவரும் நலம். கூடு தூளாகத்தான் வந்து சேர்ந்தது. குமிழி நத்தை என்று தெரிகிறது. அதில் பல வகை. சதையைக் கொட்டிவிட்டீர்களே, அதுதானே ஆள்? கூடு வெறும் சட்டை. உயிரோடு ஒன்றைப் பாருங்கள். என்ன நிறம்? தொட்டால் முழுதும் உள்ளே போகிறதா?

கோபிக்காதீர்கள். நிஜமாகவே நீங்களா எழுதினீர்கள்? இதைப் படிப்பதும் நீங்களா? கிளார்க் மாமா விளையாடுகிறாரோ என்று சந்தேகம்.

வாயாடி

ஏப்ரல் 2

வாயாடிக்கு,

பார்த்துவிட்டேன்! எட்டு நாள் தேடினேன். முதுகு போனால் போகட்டும். அம்மாடி, என்ன அழகு! ரோஜா நிறத்தில் பாவாடை மாதிரி விரிகிறது, ஓரமெல்லாம் நீலம். கூடு முதுகில் சின்னப் பொட்டலம். லேசாகத் தொட்டேன். உடம்பை உள்ளே இழுத்தது, இழுத்தது, பாதி வெளியேதான். ஒளியவே முடியவில்லை அதனால். பக்கத்தில் வெள்ளையாக ஒரு கூழ் நாடா, மணலில் ஊன்றியபடி. முட்டையாம்மா? இதையா நாற்பது வருடம் வேகவைத்துக் கொட்டினேன்?

நீ கல்யாணமாகிப் போன அன்று பஸ்ஸுக்கு நான் வரவில்லை. பட்டறையில் அவசர வேலை என்று கிளார்க்கை எழுதச் சொன்னேன். ஒரு வேலையும் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். இதையெல்லாம் அவரிடம் சொல்லி எழுத வைப்பேனா?

அப்பா

ஏப்ரல் 15

அப்பா,

ரோஜா மடிப்பு, நீல ஓரம், பழுப்புக் கோடு. சந்தேகமே இல்லை, கோட்டுக் குமிழி நத்தைதான். மணலுக்குள் புழு தின்று வாழும். நீங்கள் பார்த்தது முட்டைதான். பத்து வருடமாகக் கண்ணாடிப் பெட்டியில் வெறும் சட்டையைத்தான் நான் பார்க்கிறேன். உயிரோடு பார்த்தவர் நீங்கள்.

'இருவரும் நலம்' என்று எழுதிவந்தேனே, அது பொய். அவர் என்னைப் பிரிந்து இரண்டு வருடம். கிளார்க் மாமா படித்துக் காட்டி நீங்கள் அதைக் கேட்க வேண்டாம் என்றுதான் மறைத்தேன். வரட்டுமா?

வாயாடி

ஏப்ரல் 21

வாயாடிக்கு,

நானே படித்தேன். மூன்று தடவை. யாரிடமும் காட்டவில்லை.

வா. நத்தையைப் பார்த்த இடத்தில் குச்சி ஊன்றி வைத்திருக்கிறேன். இரண்டு பேருமாகக் குனிந்து தேடுவோம். இந்த வீட்டில் வெந்நீர் இனி உன் குளியலுக்கு மட்டும்.

அப்பா