சோப்பு போட்ட சோதனை

பாஸ்டன், 9.11.2006

அன்புள்ள நைனாவுக்கு, தரணி வணக்கத்துடன் எழுதுவது. நான் நலம். உங்கள் முழங்கால் வீக்கம் வற்றியதா?

புற்றுநோய்ச் செல்லில் இரண்டு புரதங்கள் கூட்டுச் சேர்ந்து, தூங்கவேண்டிய மரபணுவை எழுப்பிவிடுகின்றன. அந்தக் கூட்டைப் பிரிக்கும் மூலக்கூறை வடிவமைப்பதே எங்கள் வேலை. நான் செய்த ஒன்று அழகாகப் பிரித்தது. ஆனால் சில மூலக்கூறுகள் உருண்டைகட்டி, எந்தப் புரதத்திலும் ஒட்டிக் கெடுத்து, மருந்து வேலை செய்வதுபோல ஏமாற்றும். அதைக் கண்டுபிடிக்கத் துளி சோப்பு சேர்த்துப் பார்ப்பது வழக்கம். சேர்த்தேன். உருண்டை கரைந்தது, மருந்தின் திறனும் கூடவே கரைந்தது.

எங்கள் தலைவர் நம் புத்தூர்க்காரர். "எதுக்கும்மா சோப்பு போட்டுக்கினு கீற? போடாம வந்தத எழுதும்மா" என்றார்.

ஆய்வுப் பத்திரிகைக்குப் போகும் கட்டுரையிலிருந்து என் பெயரை எடுக்கச் சொன்னேன்.

"பேரு வாணான்னா வேலயும் வாணாமா? வேல போனா விசாவும் பூடும்" என்று சிரித்துவிட்டு, கட்டுரையைத் திருப்பதிப் பெருமாள் படத்தின் காலடியில் வைத்துக் கும்பிட்டார். பெருமாள் பொறுத்துக்கொண்டார். நான் பொறுக்கவில்லை.

நடந்ததையெல்லாம் நேற்று அந்தப் பத்திரிகைக்கே எழுதிவிட்டேன். கவலைப்பட ஒன்றுமில்லை. இங்கே தமிழில் பேச இருந்த ஒரே ஆள் இனிப் பேசமாட்டார், அவ்வளவுதான்.

என் அறையில் அடுக்கிய வேர்க்கடலை மூட்டைகளை மட்டும் பொங்கலுக்குள் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இத்துடன் முடிக்கிறேன், தபால் பெட்டியைத் திறக்க ஆள் வந்துவிட்டார்.

தரணி