நாற்பத்தொன்றாம் பக்கம்

மார்ச் 4, திங்கள்

பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது. கல்லூரி ஆண்டு மலரும் அச்சாகி வந்துவிட்டது. முதலில் புரட்டியது நாற்பத்தொன்றாம் பக்கம். என் வகுப்பு மாணவியின் கவிதை. இல்லை, எங்கள் நிறுவனரின் பேச்சு. இரண்டும்தான்.

பழைய அரசியல் பேச்சு ஒன்றை எடுத்து, வேண்டாத சொற்களைக் கறுப்பாக அடியுங்கள், மிஞ்சுவது கவிதை, ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது – வகுப்பில் நான் கொடுத்த பயிற்சி இதுதான். மற்றவர்கள் எங்கெங்கோ தேடினார்கள். ஜன்னலோரத்துப் பெண் மட்டும் கல்லூரி நூலகத்திலேயே எடுத்தாள். நிறுவனர் மந்திரியாக இருந்தபோது, ஆற்றங்கரைக் குடியிருப்பை அகற்றிய அன்று வானொலியில் பேசியது.

“உங்கள் வீடுகளை நினைத்துக் கலங்காதீர்கள். நாங்கள் வறுமையின் சுவர்களைத்தான் இடித்தோம். பிள்ளைகள் எங்கே உறங்குவார்கள் என்று எந்தத் தாயும் இனிக் கேட்க மாட்டாள்.”

அவள் அடித்தது போக மிஞ்சியது:

உங்கள் வீடுகளை
நாங்கள் இடித்தோம்
பிள்ளைகள் எங்கே உறங்குவார்கள்

பெயர் வேண்டாம் மிஸ் என்றாள். ‘ஒரு மாணவி’ என்று போட்டேன்.

மார்ச் 6

சேர்மன் அறைக்குக் கூப்பிட்டார்கள். ஜன்னலே இல்லாத ஏசி அறை. சுவர் முழுக்க நிறுவனர் படம். இவர் அவருடைய மகன். பிரின்சிபல் மேடம் ஓரமாக உட்கார்ந்திருந்தார்.

“எங்கப்பா இப்படியா பேசினாரு?”

“எல்லாம் அவர் சொன்ன வார்த்தைதான் சார். எதுவும் சேர்க்கல.”

“அப்ப உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல நானும் நாலு வார்த்தைய அடிச்சுட்டு மீதியப் படிக்கட்டுமா?”

என் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. நிரந்தரமாக்கச் சொல்லும் கோப்பு அவர் மேஜையில்தான் இருக்கிறது.

“யாரு அந்தப் பொண்ணு?”

“நான்தான் சார். கிளாஸுக்கு மாதிரியா செஞ்சு காட்டினது.”

“ஒரு மாணவின்னு போட்டிருக்கு?”

“சொந்தப் பேர் போட வெட்கமா இருந்துச்சு சார்.”

எங்கிருந்து வந்தது இந்தப் பொய்? பதினைந்தாம் தேதி ஆண்டு விழா, மறுபடி அச்சடிக்க நேரமில்லை. பக்கத்தைக் கிழிக்கவும் முடியாது. பின்பக்கத்தில் சேர்மன் விருது வாங்கும் படம். கடைசியில் அவரே சொன்னார். “அடிக்கத் தெரிஞ்சவங்கதானே. மீதியையும் அடிச்சிடுங்க. எல்லா பிரதியிலயும்.”

மார்ச் 7

வீடு முழுக்க மலர்க் கட்டுகள். என் கணவர் தூக்கிவந்து போட்டுவிட்டு மூச்சு வாங்கினார்.

“பேரச் சொன்னா அந்தப் பொண்ணப் பரீட்சை எழுத விட்டிருக்க மாட்டாங்க. சரிதான். நம்மள என்ன பண்ணுவாங்கன்னு யோசிச்சியா?”

யோசிக்கவில்லை. இப்போது அதை மட்டும்தான் யோசிக்கிறேன். வாடகை, பாப்பாவின் தடுப்பூசி... அவர் கோபமாக ஒரு கட்டைப் பிரித்தார். அப்புறம் ஒரு மார்க்கரை எடுத்து மூடியைக் கழற்றினார்.

மார்ச் 9

ஆசிரியர் அறை வாசலில் அவள்.

“ஏன் மிஸ் பொய் சொன்னீங்க?”

“உனக்கு யாரு சொன்னா?”

“எல்லாருக்கும் தெரியும் மிஸ். எங்கம்மா சின்னப் பொண்ணா இருந்தப்ப அந்தப் பேச்ச ரேடியோவுல கேட்டாங்களாம். வெளிய வீட்ட இடிக்கிற வண்டி வந்து நின்னுடுச்சாம். புக்கு வந்ததும் காட்டுறேன்னு சொல்லியிருக்கேன்.”

தலையை ஆட்டினேன். விரல் நுனியெல்லாம் கறுப்பு. கையைப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

மார்ச் 10

அவளும் கறுப்பு அடித்தாள், நானும் அடிக்கிறேன். அவள் அடித்தபோது உள்ளே இருந்தது வெளியே வந்தது. நான் அடித்தால்? ‘உறங்குவார்கள்’ வரும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது. பாப்பா பக்கத்திலேயே வாயைத் திறந்துகொண்டு உறங்குகிறாள்.

மார்ச் 11

அடித்து முடித்த பிரதி ஒன்றைப் பாப்பா இழுத்துக்கொண்டு ஓடினாள். பிடுங்கும்போது தாள் மேஜை விளக்கின் பக்கம் சாய்ந்தது. கறுப்புக்குள் எழுத்து மினுங்கியது.

சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். அவள் அடித்ததெல்லாம் அச்சிலேயே கறுப்புக் கட்டம். அங்கே ஒன்றும் தெரியவில்லை. நாங்கள் அடித்த இடத்தில் மட்டும் மார்க்கர் மங்கலாகவும் அச்சு மை பளபளப்பாகவும் இருக்கின்றன. உங்கள் வீடுகளை. நாங்கள் இடித்தோம். முழுசாக.

அவரிடம் காட்டினேன்.

“போச்சு. நாளைக்கே சொல்லிடு. மேல வெள்ளத் தாள் ஒட்டித் தந்துடலாம்.”

அதுதான் புத்திசாலித்தனம். சொல்லத்தான் வேண்டும். சொல்லிவிடுவேனா?

மார்ச் 12

சொல்லவில்லை.

சேர்மன் மேஜைமேல் வைத்து நாலைந்து பிரதிகளைப் புரட்டினார். எழுந்து வெளியே வெளிச்சத்துக்கு நடந்திருந்தால், ஒரு பிரதியைக் கையில் தூக்கியிருந்தால்... தூக்கவில்லை. “சுத்தமா இருக்கு” என்றார்.

மார்ச் 15

ஆண்டு விழா. மலரை வாங்கிய ஜன்னலோரத்துப் பெண் நாற்பத்தொன்றைத் திறந்தாள். முழுக் கறுப்பு. நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எழுத முடியவில்லை.

“வராந்தாவுக்குப் போய்ப் பாரு, வெயில் நல்லா இருக்கு” என்று மட்டும் சொன்னேன்.

கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். சாயங்கால வெயிலில் வரிசையாக நின்று புத்தகத்தைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்றைக்குத் தூக்கம் வராது.

மார்ச் 29

பிரின்சிபல் மேடம் கூப்பிட்டார். மேஜையில் இரண்டு இருந்தன: ஒரு உறை, ஒரு ஆண்டு மலர். உறையைத் தள்ளினார். நிரந்தரம் இல்லை. இன்னும் ஒரு வருடம், ஒப்பந்தத்தில்.

கிளம்பும்போது மலரை எடுத்துக்கொண்டு ஜன்னலருகே போனார். நாற்பத்தொன்றைத் திறந்து, நிதானமாக, வெளிச்சத்தில் சாய்த்தார்.

“மார்க்கர் நம்ம ஸ்டோர்ல வாங்கினதா?”

“ஆமா மேடம்.”

இன்னொரு தரம் சாய்த்துப் படித்தார். உதடு அசைந்தது. பிறகு மலரை மூடித் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

“சேர்மன் ரூமுக்கு ஒரு ஜன்னல் வைக்கணும்னு போன வருஷம் எழுதிக் கேட்டேன்” என்றார். “இந்த வருஷம் கேக்கப் போறதில்ல. போய் கிளாஸ எடுங்க.”